கோட்டோரம் நின்று அண்ணன் கத்திய சொல்

இந்த நினைவு மலரின் அட்டையில் அண்ணனின் படத்துக்குக் கீழே ஒரே ஒரு சொல் அச்சாகியிருக்கிறது. அதைப் பார்த்ததும், காலமெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுக்கிற தங்கச்சிக்காரி எழுத்துப்பிழையைக்கூடக் கவனிக்கவில்லையே என்று உங்களில் சிலர் பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுத்திருப்பீர்கள். நம் சொந்தக்காரர்களை எனக்குத் தெரியாதா? கவனித்துத்தான் போட்டேன். ஏன் போட்டேன் என்று சொல்வதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த ஓராண்டில் கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் என் காதுபடவே ஒரு பேச்சு நடந்தது. "ஆஸ்பத்திரிலயே வெச்சிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரு. தங்கச்சிதான் அவசரப்பட்டு வூட்டுக்கு இட்டுகினு வந்துட்டா." இப்படிச் சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். கோபம் நிறைய இருக்கிறது. ஆனால் அவர்கள் கேட்டதைவிட அதிகமாக அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் அண்ணன் கடைசியாக என்னிடம் சொன்னது ஒரே ஒரு சொல். அதை நான் சரியாகக் காதில் வாங்கினேனா, தவறாகக் கேட்டு அவர் உயிரோடு விளையாடிவிட்டேனா? இதை நினைக்காமல் நான் ஒரு நாளும் தூங்கப் போனதில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் அண்ணன் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுகிறேன். கால்பந்து என்றாலே கொட்டாவி விடுகிற சித்திமார்களும் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

அண்ணன் பிறந்தது செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் எங்கள் காலனியில். தாத்தா காலம் வரைக்கும் நாங்கள் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் அப்பாதான் முதலில் வயலை விட்டு கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கப் போனார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு எங்களை வேதக்கோயிலுக்கு அழைத்துப் போவார். ஆராதனை நேரத்தில் மேட்ச் வைக்கிறவர்களுக்கு நரகம் நிச்சயம் என்பது அம்மாவின் அசைக்க முடியாத நம்பிக்கை.

கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு மைதானம் இருந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன்கள் அங்கே பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆடுவார்கள். ஆள் குறைகிற நாளில் மட்டும் அண்ணனைச் சேர்த்துக்கொள்வார்கள். சேர்த்துக்கொண்டாலும் காலனிப் பையனுக்குப் பந்து தரமாட்டார்கள். அண்ணன் வெறுங்காலோடு மைதானம் முழுக்க ஓடுவார், பந்து மட்டும் அவர் பக்கம் வராது. தப்பித்தவறி அவர் காலுக்கு வந்துவிட்டால் பிறகு அதை யாருக்கும் கொடுக்கமாட்டார். நாலு பேர் சுற்றி நின்றாலும் நடுவில் புகுந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். மைதானத்தில் பார்த்தவர்கள் பெரிய வித்தைக்காரன் என்றார்கள். அம்மாவோ, பந்தைப் பிடித்துக்கொள்கிற மாதிரி கணக்குப் பாடத்தைப் பிடித்துக்கொண்டால் குடும்பம் பிழைக்குமே என்று புலம்புவார். கணக்கு அண்ணனிடம் அகப்படவே இல்லை.

அந்த வித்தைதான் அவரைப் பள்ளி அணிக்கும், மாவட்ட அணிக்கும், கடைசியில் சென்னையில் ஓர் அரசுத் துறையின் அணிக்கும் கொண்டு போனது. வேலை தற்காலிகம்தான். நன்றாக ஆடினால் நிரந்தரமாக்குவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். விடியற்காலை எலெக்ட்ரிக் டிரெயினில் ஏறி, தோளில் பூட்ஸைத் தொங்கப் போட்டுக்கொண்டு அண்ணன் போவதை எங்கள் காலனியே வாசலுக்கு வந்து பார்க்கும். அப்பா அந்த நாள்களில் மூட்டை தூக்கும்போதுகூட நிமிர்ந்து நடந்தார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள்.

அந்த ஆண்டின் கடைசி மேட்சைப் பார்க்க அப்பாவும் அம்மாவும் நானும் போயிருந்தோம். இரண்டு அணியும் ஒவ்வொரு கோல் போட்டுச் சமமாக நின்றன. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் அண்ணனிடம் பந்து வந்தது. ஒருவரைத் தாண்டினார், இன்னொருவரைத் தாண்டினார், மூன்றாமவர் வழுக்கி விழுந்தார். கோலுக்கு நேர் எதிரே அவர் அணிக்காரர் ஒருவர் தனியாக, கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். எனக்கே தெரிந்தது. அண்ணனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவர் கொடுக்கவில்லை. நாலாவது ஆளையும் தாண்டப் பார்த்தார், அவன் பந்தைப் பறித்து நீளமாக அடித்தான், எதிரணி அதைக் கோலாக்கிவிட்டது. அத்தோடு விசில் ஊதிவிட்டார்கள்.

திரும்பும்போது டிரெயின் தாம்பரத்தைத் தாண்டியது. அப்போது அப்பா கேட்டார்.

"அந்தப் புள்ள கைய தூக்கினு நின்னுச்சேடா. அதுகிட்ட குட்த்திருக்கக் கூடாதா?"

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "குட்த்தா திரும்பி வராது நைனா" என்றார்.

அடுத்த ஆண்டு அவரைத் துறை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மேட்ச்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, அண்ணன் மட்டும் அதுதான் காரணம் என்று நம்பினார். கொஞ்ச நாள் வேறு அணிகளுக்கு ஆடினார். முழங்கால் போயிற்று. இருபதுகளின் கடைசியில் ஆட்டம் முடிந்துவிட்ட ஒரு மனிதனை எங்கள் அண்ணி கல்யாணம் செய்துகொண்டார். அண்ணி அப்போது ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். நம் குடும்பத்தில் துணிச்சலுக்கு ஒரு பரிசு கொடுப்பதென்றால் அண்ணிக்குத்தான் கொடுக்க வேண்டும்.

படூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் மைதானம் பார்த்துக்கொள்கிற வேலை அண்ணனுக்குக் கிடைத்தது. புல் வெட்டுவது, வலை கட்டுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது. கோடு போட்டுவிட்டு அந்தக் கோட்டோரமே நின்று மாணவர்கள் ஆடுவதைப் பார்ப்பார். முதலில் முணுமுணுத்தார். பிறகு சத்தமாகச் சொன்னார். பிறகு கத்தினார். கத்தியது ஒரே சொல்தான்: "வுடு." யாராவது ஒருவன் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தன் வித்தையைக் காட்ட ஆரம்பித்தால் உடனே கோட்டோரத்திலிருந்து "வுடு, வுடு" என்று சத்தம் வரும். அதாவது, நீ வைத்துக்கொண்டிருக்காதே, அடுத்தவனுக்குக் கொடு. வாழ்நாளில் பந்தையே விடாத மனிதர் கத்திய சொல் இது. எங்களுக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

கல்லூரியின் இரண்டாம் அணியை அவரிடம் விட்டார்கள், அது முதல் அணியைத் தோற்கடித்துவிட்டது. அங்கே ஒரு போட்டிக்கு மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள ஒரு மீனவர் குப்பத்திலிருந்து பையன்கள் வந்திருந்தார்கள். கடற்கரை மணலில் ஆடிப் பழகியவர்கள். ஓட்டம் இருந்தது, ஒழுங்கு இல்லை. தோற்றுவிட்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் அண்ணன் போய் ஏதோ சொல்லியிருக்கிறார். அவர்களில் ஒருவன் தேசிங்கு. படகில் போகிற குடும்பம், நெடுநெடுவென்று உயரம், வாய் கொஞ்சம் நீளம். "அண்ணாத்த, இவ்ளோ பேசறியே, எங்க ஊருக்கு வந்து சொல்லிக் குடேன்" என்று அவன் கேட்டானாம். மறுநாள் மாலையே அண்ணன் அங்கே போய் நின்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு மாலை என்பது அந்தக் குப்பத்து மணல்தான். விடியற்காலையில் பையன்கள் கடலுக்குப் போவார்கள், மீன் ஏலம் முடிந்து தூங்கி எழுந்து வெயில் சாய்ந்த பிறகு வருவார்கள். அண்ணனின் பயிற்சி முறை விசித்திரமானது. பந்தைத் தொட்டவன் அடுத்தவன் பெயரைச் சத்தமாகச் சொல்லி அவனுக்கு விட வேண்டும். அணியில் உள்ள எல்லார் காலிலும் பந்து பட்ட பிறகுதான் கோல் போடலாம். யாராவது ஒருவன் காலில் படாமல் கோல் விழுந்தால், அது எவ்வளவு அழகான கோலாக இருந்தாலும் செல்லாது. ஆட்டம் தெரியாத பையனைக்கூட மற்றவர்கள் தேடிப் போய்ப் பந்து கொடுத்தாக வேண்டும். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்தது என்றார்.

வலது பக்கம் ஓட ஆள் இல்லை என்று எங்கள் காலனியிலிருந்து ஸ்டீபனை அழைத்துப் போனார். காலனிப் பையன் எதற்கு என்று குப்பத்தில் கேட்டார்கள். அவர்களுக்காக நீ ஏன் உழைக்கிறாய் என்று காலனியில் கேட்டார்கள். அண்ணன் இரண்டு பக்கமும் ஒரே பதில் சொன்னார். "ரைட் சைடுல ஓட ஆளு இல்ல. இவன் ஓடுவான். அவ்ளோதான்." முதலில் கொஞ்ச நாள் பயிற்சி முடிந்ததும் எல்லாருக்கும் டம்ளரில் டீ வரும், ஸ்டீபனுக்கு மட்டும் பேப்பர் கப்பில் வரும். கோச் என்பதால் அண்ணனுக்கு டம்ளர். அண்ணன் யாரிடமும் நியாயம் பேசவில்லை. தனக்கும் பேப்பர் கப் போதும் என்று கேட்டு வாங்கிக் குடித்தார். மறுநாள் தேசிங்கும் பேப்பர் கப் கேட்டான். சில வாரங்களில் டம்ளர் என்பதே மறந்து போயிற்று. இதை அண்ணன் எங்களிடம் சொன்னதில்லை, பிற்பாடு ஸ்டீபன் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அந்தக் குப்பத்து அணி மாவட்ட லீக்கின் கடைசிப் படியில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறியது. மாவட்டச் சாம்பியன் ஆனது. கோப்பையை லாரியில் வைத்து, மேளம் அடித்துக்கொண்டு ஊருக்குக் கொண்டு வந்தார்கள். அண்ணன் அந்த லாரியில் ஏறவில்லை. பின்னால் தன் பழைய ஸ்கூட்டரில் புகையைக் குடித்துக்கொண்டே வந்தார்.

ஒரு மேட்சில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். ரெஃப்ரி தெற்கேயிருந்து புதிதாக வந்தவர். எதிரணிக்காரன் காலை வாரிவிட்டதற்கு விசில் ஊதிவிட்டு எச்சரித்துக்கொண்டிருந்தார். அதே நேரம் அண்ணன் கோட்டோரத்திலிருந்து "வுடு, வுடு" என்று பந்தோடு நின்ற தன் அணிப் பையனைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். ரெஃப்ரிக்கோ, இந்த ஆள் நம்மைப் பார்த்து, அதுவும் ஒருமையில், "விடு" என்று அதட்டுகிறான் என்று தோன்றிவிட்டது. நேராக வந்து மஞ்சள் அட்டையைக் காட்டிவிட்டார். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு, "சார், உங்கள சொல்லல சார், பால சொன்னேன்" என்றார். பால் என்றது பந்தை. ரெஃப்ரிக்கு அதுவும் புரியவில்லை. அன்றிலிருந்து அண்ணி அவருக்குக் காலையில் பால் ஊற்றும்போதெல்லாம் "பால வுடட்டுமா?" என்று கேட்பார்.

பிறகு சென்னையில் ஒரு கிளப் அவரைக் கூப்பிட்டது. பதவியின் பெயர் மேனேஜர். இந்தச் சொல்லால் நம் சொந்தத்தில் நடந்த குழப்பம் கொஞ்சமல்ல. அண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் "எந்த பேங்க்ல மேனேஜர்?" என்று கேட்டார்கள். பெரியப்பா வகையில் ஒருவர் தன் மகனுக்கு வேலை போட்டுத் தரச் சொல்லி பயோடேட்டாவோடு வந்துவிட்டார். அண்ணன் அந்தப் பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லெஃப்ட் கால்ல அடிப்பியா?" என்று கேட்டார். இருவரும் நாஸ்தாகூடச் சாப்பிடாமல் போய்விட்டார்கள்.

அந்தக் கிளப்புக்குத் தன்னோடு தேசிங்கையும் ஸ்டீபனையும் அழைத்துப் போனார். இரண்டாம் ஆண்டே லீக்கின் கடைசி மேட்சில் வென்றால் கோப்பை என்ற நிலை வந்தது. எதிரணி எது தெரியுமா? அன்றைக்கு அவரை எடுத்துக்கொள்ளாத அதே துறையின் அணி. நானும் அண்ணியும் போயிருந்தோம். அப்பா அம்மா அதற்குள் காலமாகிவிட்டார்கள். அந்த ஒரு குறை எனக்கு இன்றைக்கும் உண்டு.

ஆட்டம் சமநிலையில் போய்க்கொண்டிருந்தது. முடிகிற நேரத்தில் தேசிங்கிடம் பந்து கிடைத்தது. அவன் அன்று ஒரு கோல் போட்டால் மாநில அணித் தேர்வுக்கு அவனை நிச்சயம் கூப்பிடுவார்கள் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் ஒருவனைத் தாண்டினான், இரண்டு பேரைத் தாண்டினான். வலது பக்கத்தில் ஸ்டீபன் தனியாக, கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். இந்தக் காட்சியை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். கோட்டோரத்தில் அண்ணனைப் பார்த்தேன். வழக்கமாகத் தொண்டை கிழியக் கத்துகிறவர் அன்று வாயே திறக்கவில்லை. சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேசிங்கு "டீபா" என்று ஸ்டீபனின் செல்லப் பெயரைக் கத்தி, பந்தை விட்டான். ஸ்டீபன் அதை உள்ளே தட்டிவிட்டான்.

எல்லாரும் மைதானத்துக்குள் ஓடினார்கள். அண்ணன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன். "ஏன் அண்ணா இன்றைக்குக் கத்தவில்லை?" என்றேன்.

"நா கத்தி அவன் வுட்டா அது என் பாஸு. அவனா வுட்டாதான் அவன் பாஸு" என்றார். கயிற்றை இறுக்கி முடிந்துவிட்டு, "நா அன்னிக்கே வுட்டிருக்கணும் பாப்பா" என்றார்.

அந்தப் பழைய மேட்சைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அது ஒரு முறைதான். மாநிலத் தேர்வுக்குத் தேசிங்கை அந்த ஆண்டு கூப்பிடவில்லை, அடுத்த ஆண்டு கூப்பிட்டார்கள். அண்ணன் மேலும் பல கோப்பைகள் வென்றார். பேப்பரில் படம் வந்தது. அவரிடம் ஆடிய எத்தனையோ பேர் விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்குப் போய், இன்று இந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஊருக்கெல்லாம் வுடு என்றவர் வீட்டில் ஒரு பொருளையும் விடமாட்டார். கிழிந்த பூட்ஸ், காற்றுப் போன பந்து, பிடி உடைந்த குடை எல்லாம் பரணில் இருக்கும். ஊரப்பாக்கத்தில் அண்ணி தன் சம்பளத்தையும் சேர்த்து, கல் கல்லாகக் கட்டிய வீடு அது. அதில் அண்ணன் முழுசாக ஒரு வாரம் தங்கியதாக எனக்கு நினைவில்லை. காலையில் படூர், மாலையில் கடற்கரை, பிறகு சென்னை. "ரிட்டயர் ஆனா வூட்டவுட்டு நகரவே மாட்டேன்" என்று அண்ணிக்கு ஆண்டுதோறும் வாக்குக் கொடுப்பார். அண்ணி அதை நம்புகிற மாதிரி கேட்டுக்கொள்வார்.

எனக்கும் அவருக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. நான் தமிழாசிரியை. காலனிப் பேச்சை வாயிலிருந்து துடைத்து எடுப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் கொஞ்சம்கூட மாறவில்லை. "வூடு இல்லை அண்ணா, வீடு. வுடு இல்லை, விடு. கோப்பை வாங்குகிற மேடையிலாவது சரியாகப் பேசுங்கள்" என்பேன். "உன் இலக்கணத்த வுடு பாப்பா. அண்ணி மீன் கொழம்பு வெச்சிகீது, வூட்டுக்கு வா" என்பார். வேண்டுமென்றே இரண்டு சொல்லையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்வார். எனக்கு உள்ளே சிரிப்பு வரும், காட்டிக்கொள்ளமாட்டேன்.

கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது அது முற்றியிருந்தது. அண்ணன் அதையும் ஒரு சீசன் மாதிரி எடுத்துக்கொண்டு, டாக்டரிடம் அடுத்து என்ன, அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு சிகிச்சைக்கும் உடம்பு இளைத்தது. கடைசியில் குரல் போயிற்று. டாக்டர் எங்களை அழைத்து, இன்னொரு சிகிச்சை செய்து பார்க்கலாம், பெரிதாகப் பலன் இருக்கும் என்று சொல்ல முடியாது, ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டி வரும், அவர் விருப்பத்தையும் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். மகள் பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயே கேளு பாப்பா. என்னப் பாத்தா அவரு பேசமாட்டாரு, அழுவாரு" என்றார்.

காலை நேரம். உள்ளே அண்ணனின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு தேசிங்கு உட்கார்ந்திருந்தான். நான் குனிந்து அண்ணனின் காதருகே கேட்டேன். எத்தனையோ ஆண்டுகளாகத் துடைத்து வைத்திருந்த பேச்சு எங்கிருந்தோ வந்துவிட்டது. "ண்ணா, இன்னா பண்ணட்டும்? சொல்லுண்ணா, இன்னா பண்ணட்டும்?" என்றேன். அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது. மூச்சோடு மூச்சாக ஒரு சொல் வந்தது.

நான் வெளியே வந்து, "வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார்" என்று அண்ணியிடம் சொன்னேன். எனக்குக் கேட்டது "வூடு". அன்று மாலையே ஊரப்பாக்கம் வீட்டுக்கு அழைத்து வந்தோம். சில நாள்கள் இருந்தார். தெருவெல்லாம் அவருடைய பையன்கள். பிறகு ஒரு காலையில் அமைதியாகக் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது தேசிங்கு என்னிடம் வந்தான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். "டீச்சர், அன்னிக்கி கோச்சு வூடுன்னு சொல்லல. வுடுன்னாரு. எத்தினி வருசமா கேட்டுகினு கீறோம், எங்களுக்குத் தெரியாதா?" என்றான். பக்கத்தில் இருந்த நம்மவர்கள் காதில் அது விழுந்தது. அங்கிருந்துதான் பேச்சு கிளம்பியது. "வுடு, டாக்டருங்க பாத்துப்பாங்கன்னு அவரு சொல்லிகீறாரு. இவ வூடுன்னு நெனச்சிகினு தூக்கினு வந்துட்டா."

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குறில் நெடில் சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை என்று விரலைச் சொடுக்கிக் காட்டுகிறவள். என் சொந்த அண்ணன் கடைசியாகச் சொன்ன சொல் குறிலா நெடிலா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மூச்சு நீண்டதா, நீளவில்லையா? நூறு தடவை மனசுக்குள் கேட்டுப் பார்த்தேன். கேட்கக் கேட்க இன்னும் மங்கிக்கொண்டே போனது.

இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் தொழிற்பெயர் பாடம் வந்தது. வினைச்சொல்லின் முதல் எழுத்து நீண்டு பெயராவதற்கு உதாரணம் எழுதிக்கொண்டு போனேன். சுடு, சூடு. கெடு, கேடு. விடு, வீடு. ஆண்டாண்டுக் காலமாக எழுதுகிற உதாரணம்தான். அன்று அந்த மூன்றாவதை எழுதியதும் கை நின்றுவிட்டது. இரண்டு சொல்லும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை. இது தெரியாத மனிதர்தான் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லி என்னைக் கேலி செய்துகொண்டிருந்தார். பிள்ளைகள் டீச்சர் ஏன் அழுகிறார் என்று பயந்துவிட்டார்கள். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், இலக்கணத்தால் என் கேள்வி தீரவில்லை. சொல் ஒன்றாக இருக்கலாம், ஆஸ்பத்திரியும் வீடும் ஒன்றல்லவே.

போன மாதம் இந்த மலருக்காகப் படம் தேட அண்ணியிடம் போனேன். மனசு தாங்காமல் கேட்டேவிட்டேன். "அண்ணி, நான் தப்பாகக் கேட்டிருந்தால்?" என்றேன். அண்ணி பரணிலிருந்து இறக்கிய பழைய பந்து ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வூட்டுக்கு வந்ததும் இந்தப் பந்தக் கேட்டாரு. வாயால இல்ல, கையக் காட்டினாரு. கட்டில்ல பக்கத்துல வெச்சேன். கைய அது மேலயே வெச்சிகினு கெடந்தாரு. தூங்கறப்பகூட எடுக்கல. நா எடுக்கப்போனா மொறைப்பாரு. அந்தக் கடைசி நாளு காலைல, நா கஞ்சி எட்த்தாரேன், அவரே தள்ளி வுட்டாரு. உருண்டு போயி வாசப்படில நின்னுச்சு. கீய வுய்ந்துச்சுன்னு நெனச்சி எட்த்தாந்து குட்த்தேன். என்னப் பாத்து லேசா சிரிச்சாரு. மறுபடியும் தள்ளி வுட்டாரு. அப்பால நா எடுக்கல."

அண்ணி பந்தை என் மடியில் வைத்தார்.

"வூட்டுக்கு வந்துதான் பாப்பா வுட்டாரு. ஆஸ்பத்திரில வுடமாட்டாரு, புடிச்சிகினுதான் இருந்திருப்பாரு. உனக்குத் தெரியாதா அவர?"

இதை ஏன் அண்ணி ஓராண்டாகச் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கேட்கவில்லையே என்றார். அன்று அண்ணியின் மடியில் படுத்து அழுதேன். இந்த வயதில் வெட்கமாக இல்லையா என்று கேட்காதீர்கள், கொஞ்சமும் வெட்கமாக இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். பொய் நம்பிக்கை கொடுக்காமல் உண்மையைச் சொன்ன டாக்டருக்கு நன்றி. அண்ணனைப் பூப்போல ஆஸ்பத்திரி மாடிப்படியில் தூக்கி இறக்கிய ஆம்புலன்ஸ் தம்பிகளுக்கு நன்றி. அந்த நாள்களில் தெரு முழுக்க நின்ற வண்டிகளைப் பொறுத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்த ஊரப்பாக்கத்து அக்கம்பக்கத்தாருக்கு நன்றி. கடலுக்குப் போகாமல் அண்ணனைச் சுமக்க வந்த குப்பத்தாருக்கும், தோள் கொடுத்த காலனியாருக்கும் நன்றி. தேசிங்குக்கும் நன்றி. அவன் காதில் விழுந்ததும் சரிதான். இன்று மாலை கடற்கரையில் அண்ணன் நினைவாக நடக்கும் ஆட்டத்துக்கு எல்லாரும் வர வேண்டும். ஆராதனை முடிந்த பிறகுதான் வைத்திருக்கிறோம், அம்மா கோபித்துக்கொள்ளமாட்டார்.

பின்னால் பேசிய சொந்தக்காரர்களே, உங்களுக்கும் பிரியாணி உண்டு.

கடைசியாக, அட்டையைப் பற்றி. படத்துக்குக் கீழே போட வேண்டிய சொல்லை நானே என் கையால் எழுதி, திருக்கழுக்குன்றத்து அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். அச்சகம் நடத்துகிறவன் என்னிடம் படித்தவன். பள்ளியில் இருந்தபோது ஒற்றுப்பிழைக்காக என்னிடம் நிறையக் கொட்டு வாங்கியவன். மறுநாள் போன் செய்தான்.

"டீச்சர், அட்டையில ஒரு மிஸ்டேக்கு கீது. ‘வுடு’ன்னு எழுதிகீறீங்க. ‘வீடு’ன்னு போடணுமா, ‘விடு’ன்னு போடணுமா? எதுன்னு சொன்னா திருத்திடறேன்."

நான் சொன்னேன்:

"வுடுப்பா."